பதினெட்டுக் குத்து லாலாங்

1

அன்று காலை ஒன்பது மணிக்கு வாசலில் இருந்தவர்கள்:

மெய்யம்மை ஆச்சி. வீட்டுக்குச் சொந்தக்காரர். அறுபத்து மூன்று வயது.
நாச்சியப்பன். ஆச்சியின் மகன். மெல்பர்னிலிருந்து வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. கழுத்தில் கேமரா.
பவுனம்மாள். ஆச்சி வீட்டில் வேலை செய்தவர். சமையல் குசினிக்குப் பின்னால் இருந்த அறையில் தங்கியிருந்தவர்.
நான். தோட்டம் போட்டவன்.
பதினெட்டுக் குத்துப் புல். செத்துப்போனது.

இந்தக் கதையில் நான் முதலில் எழுதியது இந்தப் பட்டியலைத்தான். நான் வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலையில், ஓட்டை விழுந்த கையுறைகளைக் குறித்து வைக்கும் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். பட்டியல் எழுதுவது சுலபம். யார் இருந்தார்கள் என்று சொன்னால் போதும். யார் என்ன செய்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு வருடமாக அதைத் தாண்டி ஒரு வரியும் நகரவில்லை.

நீங்கள் காத்திருக்க வேண்டாம் என்பதற்காக இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த வாசலில் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் பவுனம்மாளுக்குப் படுத்துத் தூங்க இருந்த இடம் போனது. இதில் வேறு மர்மம் எதுவும் இல்லை.

2

தொடக்கம் ஒன்று: “1998ஆம் ஆண்டு கிள்ளான் பள்ளத்தாக்கில் குழாய்கள் வறண்டன. மக்கள் வாளிகளோடு தெருவில்...”

(அடித்தேன். செய்தித்தாள் மாதிரி இருக்கிறது. வாளியோடு நின்றவர்களில் நானும் ஒருவன். அப்போது இப்படி ஒரு வாக்கியம் எனக்குத் தோன்றவில்லை. தோள்தான் வலித்தது.)

தொடக்கம் இரண்டு: “கல்லுக்கும் வேருக்கும் நடுவில் ஒரு மௌனம் இருக்கிறது. அந்த மௌனத்தை...”

(இதை யார் எழுதியது என்று தெரியவில்லை. தூக்கக் கலக்கத்தில் நானாகத்தான் இருக்கும்.)

தொடக்கம் மூன்று: “ஒரு தோட்டமும் ஒரு கதையும் ஒன்றே. இரண்டிலும்...”

(இல்லை. தோட்டத்துக்குக் கல் சுமக்க வேண்டும்.)

ஆகவே நேராக. கிள்ளானில் மேரு சாலைப் பக்கம் ஆச்சிக்கு ஒரு மூலை வீடு. பக்கவாட்டில் இருபதுக்கு முப்பதடி மண். மத்தியானத்துக்கு மேல் முழு வெயிலும் அங்கேதான் விழும். அந்த வருடம் தண்ணீர் கட்டுப்பாடு வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் குழாய். குளிக்கவே தண்ணீர் போதவில்லை. புல்தரைக்கு யார் ஊற்றுவது? இரண்டு மாதத்தில் புல்தரை சாக்குப்பை நிறத்துக்கு வந்தது.

அப்போது நாச்சியப்பன் மெல்பர்னிலிருந்து ஒரு பத்திரிகையை அனுப்பினார். அதில் ஒரு தோட்டம். சரளைக்கல் பரப்பி, நடுநடுவே வருடக்கணக்கில் நிற்கும் பூச்செடிகளும் புற்களும் நட்டிருந்தார்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். புல் வெட்ட வேண்டாம். “ஆத்தா, இதே மாதிரி போடுங்க. ஆகஸ்டில் வந்து பார்க்கிறேன்” என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

ஆச்சி என்னைக் கூப்பிட்டார். நான் பின்தெருவில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் தாவரவியல் படித்துவிட்டு நிறுத்தியவன் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நிறுத்தியவன் என்பது ஆச்சிக்குக் காதில் விழவில்லை. தாவரவியல் மட்டும் விழுந்தது.

“நீ படிச்ச பிள்ளைப்பா. ஒனக்குத் தெரியாததா” என்றார்.

அதற்கு முன் மூன்று வருடமாக என்னை யாரும் அப்படிச் சொல்லவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பரிதாபப்படச் சொல்லவில்லை. பொய்க்குக் காரணம் கேட்டால் காட்டுவதற்கு என்னிடம் இது ஒன்றுதான் இருக்கிறது.

3

சரளைத் தோட்டம் போடுவது எப்படி என்று சிலர் கேட்கிறார்கள். (யாரும் கேட்கவில்லை. ஆனால் இந்தப் பகுதியில் மட்டும்தான் நான் ஒரு வரியையும் அடிக்கவில்லை. விட்டுவிடுங்கள்.)

செத்த புல்லை வேரோடு சீவி எடுக்க வேண்டும். அடியில் களிமண் இருந்தால் மண்வெட்டியால் கொத்திப் பிளந்து, பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் அள்ளிய மணலைக் கலக்க வேண்டும். உரம் போடக்கூடாது, போட்டால் செடி சொகுசு பழகிவிடும். செடிகளைச் சின்னதாக வாங்கி, தொட்டியோடு ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, அகலமாக இடம் விட்டு நட வேண்டும். அதற்குப் பிறகுதான் கல். மூன்று அங்குலம். முதல் வருடம் முழுக்க முளைக்கிற களையை விடாமல் எடுக்க வேண்டும். கடைசி வாக்கியம் முக்கியம். பத்திரிகையில் அதைச் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள்.

கல் ஒரு லோரி வந்தது. காலை ஏழு மணிக்கு ராத்திரி வேலை முடிந்ததும் நேராக அங்கே போவேன். பத்து மணிக்கு மேல் வெயிலில் நிற்க முடியாது. பதினொரு நாள் ஆனது.

வெட்டிவேர், செராய் என்கிற எலுமிச்சைப்புல், சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கிற உண்ணிச்செடி, கல்வாழை, பத்துமணிப் பூ, நித்தியகல்யாணி. எல்லாம் வெயிலைத் தின்று வளர்கிறவை. நித்தியகல்யாணியைப் பார்த்ததும் ஆச்சி முகம் சுளித்தார்.

“இது சுடுகாட்டு மல்லியில்ல?”

“அந்தப் பத்திரிகையிலயும் இருக்கு ஆச்சி.”

“அங்க இருக்கும். அவங்க ஊருல சுடுகாடு வேற எடத்துல.” கொஞ்சம் யோசித்தார். “சரி, வாசல்லேருந்து பாத்தா தெரியாத பக்கமா வையி.”

வைத்தேன். மிச்சம் இருந்தது பத்திரிகையின் அட்டையில் இருந்த புல் மட்டும். நுனி ரத்தச் சிவப்பாக, பின்னாலிருந்து வெயில் பட்டால் எரிகிற மாதிரி இருக்கும். நாச்சியப்பன் அதைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். சுங்கை பூலோவில் நாற்றுத் தோட்டம் தோட்டமாக அலைந்தேன். கடைசியில் ஒரு சீனக் கிழவர் படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “லாலாங் மாவ் பெலி கா, போஸ்?” என்றார். லாலாங் என்கிற களைப்புல்லைக் காசு கொடுத்து வாங்கப்போகிறாயா என்று. பிறகு நூலகத்தில் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அது ஜப்பான்காரர்கள் சிவப்புக்காகப் பொறுக்கி வளர்த்த லாலாங். நம் ஊரில் தண்டவாளத்து ஓரமெல்லாம் நிற்கிறதே, அதே புல்தான்; சிவப்பு மட்டும் கிடையாது.

வெறுங்கையோடு திரும்பிப் போய், கிடைக்கவில்லை ஆச்சி என்று சொல்லியிருக்கலாம்.

பண்டமாரான் பக்கம் போகிற சரக்கு ரயில் பாதையோரம் பதினெட்டுக் குத்து லாலாங்கைத் தோண்டி எடுத்தேன். இலையைச் சாண் உயரத்துக்கு வெட்டி, கல்லுக்கு நடுவே மூன்று வரிசையாக நட்டேன்.

“நுனி சிவக்க நாளாகும் ஆச்சி. வெளிநாட்டுப் புல்லு” என்றேன்.

ஆச்சி குனிந்து ஒரு குத்தைத் தடவிக்கொடுத்தார்.

4

பவுனம்மாளை நான் ஆறு முறை எழுதிப் பார்த்தேன். ஆறு முறையும் நல்லவராகவே வந்தார். குற்றம் செய்தவன் எழுதினால் இப்படித்தான் ஆகும். ஆறையும் கிழித்துவிட்டு ஞாபகத்தில் இருப்பதை மட்டும் போடுகிறேன்.

கேரி தீவு எஸ்டேட்டில் முப்பத்தொரு வருடம் களை எடுக்கும் கூட்டத்தில் வேலை. ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு கொடுத்தார்கள். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த வீடும் போகும். மகள் பண்டமாரானில் இருந்தார். மருமகனுக்கும் இவருக்கும் பேச்சில்லை. பேச்சிருந்தாலும் அந்த வீட்டில் இன்னொரு பாய் விரிக்க இடமில்லை. சொந்தக்காரர் ஒருவர் சொல்லி ஜூன் மாதம் ஆச்சி வீட்டுக்கு வந்தார். சமையல், துணி, கூட்டுதல். பதிலுக்குச் சம்பளமும் பின்னால் ஓர் அறையும். அவருக்கு அறைதான் முக்கியம். உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா என்று வந்த அன்றே பார்த்ததாக ஆச்சி என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

வெற்றிலை போடுவார். கல்வாழை அடியில் துப்புவார். வாய் சும்மா இருக்காது. நான் முதல் தடவை பார்த்தபோது தோட்டத்தை இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத யாரு தம்பி நட்டது?”

“நான்தான்கா.”

“ஏன், ஒனக்கு ஆச்சி மேல என்னா கோவம்?”

அவர் ஒவ்வொரு செடியாகக் கை நீட்டிக் காட்டினார்.

“உண்ணிச்செடி, வெட்டிவேரு, சுடுகாட்டு மல்லி. இதையெல்லாம் கொல்றதுக்குத்தான்யா எனக்கு முப்பத்தோரு வருசம் சம்பளம் குடுத்தான். நீ என்னடான்னா கல்லு கொட்டி வளக்குற. படிச்சவன்னாங்க ஆச்சி?”

“பாதிதான் படிச்சேன்.”

“அதான் பாதி சரியா இருக்கு.”

பிறகு லாலாங் வரிசைக்கு வந்தார். குந்தி உட்கார்ந்து ஒன்றைப் பிடுங்கினார். அடியில் வெள்ளை வேர், முனை ஊசியாக. அதால் என் முழங்கையில் ஒரு குத்து குத்தினார்.

“வலிக்குதா? ரப்பர் வேரையே ஓட்ட போட்டுட்டுப் போவும் இது. புடுங்குனா ஒரு துண்டு உள்ள நிக்கும், ஒன்னு பத்தாகும். ஆறு மாசத்துல ஒன் கல்லையெல்லாம் தூக்கிட்டு ஆச்சி குசினிக்குள்ள வந்து நிக்கும்.” என்னை நிமிர்ந்து பார்த்தார். “கல்லு லோரியில ஒட்டிக்கிட்டு வந்துருக்கும். இல்ல தம்பி?”

“இருக்கும்கா” என்றேன்.

* இங்கே நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். பதினெட்டுக் குத்தும் ஒரே இடைவெளியில், நூல் பிடித்த மாதிரி நின்றன. முப்பத்தொரு வருடம் புல்லைப் பார்த்தவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? லோரி என்ற சொல்லை அவர்தான் எடுத்துக் கொடுத்தார். நான் பிடித்துக்கொண்டேன். அவர் நம்பிக் கேட்டாரா, எனக்கு ஒரு வழி விட்டாரா என்று எனக்குத் தெரியாது. ஆசிரியனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரியாது.

5

“ஆச்சி ஒரு கல்யாணத்துக்குப் பினாங்கு போறாங்க. வர்றதுக்குள்ள முடிச்சிர்றேன்” என்றார் பவுனம்மாள். “லாலாங் மருந்து எங்கிட்ட இருக்கு. ஒங்க கம்பெனி கையுறைய மட்டும் கொண்டாந்து குடு.”

மறுநாள் காலை இரண்டு ஜோடி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

(முந்தைய வரியை மூன்று முறை அடித்து மூன்று முறை திரும்ப எழுதினேன்.)

எஸ்டேட்டுகளில் லாலாங்கை ஒழிக்க ஒரு முறை இருக்கிறது. துடைப்பது. இடுப்பில் மருந்துத் தகரம் தொங்கும். மூன்று விரலில் துணி சுற்றியிருக்கும். துணியை மருந்தில் நனைத்து, ஒவ்வொரு இலையையும் அடியிலிருந்து நுனிவரை விரல்களுக்கு நடுவே உருவி விட வேண்டும். பக்கத்துச் செடியில் ஒரு சொட்டு படக்கூடாது. மருந்து இலை வழியாக இறங்கி வேரைக் கொல்லும். பத்து நாள் வரை புல் பச்சையாகவே நிற்கும். பெண்களைத்தான் இதற்குப் போடுவார்கள். ஆண்களுக்குப் பொறுமை இல்லை என்று.

நான் நின்று பார்த்தேன். அவர் குந்தியபடியே ஒரு குத்திலிருந்து அடுத்த குத்துக்கு நகர்ந்தார். மருந்தை, சோயா சாஸ் வருகிற பழைய கிச்சாப் போத்தலில் வைத்திருந்தார். விரல்கள் இலையை உருவுவது தலைமுடியைச் சிக்கெடுப்பது போல இருந்தது. வாய் மட்டும் நிற்கவில்லை.

“இந்நேரம் எங்கள வேல வாங்குற மண்டோர் இருந்தா, ஏய் பவுனு, கதை பேசாதங்குவான். அவனும் செத்துப்போனான். லாலாங் இன்னும் இருக்கு.”

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்பதையும் எழுத வேண்டும். நிம்மதி. புல் சாகட்டும். வெளிநாட்டுப் புல், நம் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆச்சியிடம் சொல்லிக்கொள்ளலாம். என் பொய்யை அந்த அம்மாள் விரல் விரலாகத் துடைத்து எடுத்துக்கொண்டிருந்தார். பவுனம்மாளே முந்திக்கொண்டு நடந்ததைச் சொல்வார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

6

ஆகஸ்டில் நாச்சியப்பன் வந்தார்.

அவரைக் கெட்டவராக எழுதிவிட்டால் எனக்குச் சுலபம். வெளிநாட்டுத் திமிர், கறுப்புக் கண்ணாடி என்று நான்கு வரி எழுதிக்கூடப் பார்த்தேன். பொருந்தவில்லை. அமைதியான மனிதர். வந்த மூன்றாம் நாள் காலை தோட்டத்தில் இறங்கி, இலை இலையாகத் தொட்டுப் பார்த்து, “நல்லா பண்ணியிருக்கீங்க” என்றார். மூன்று வரிசை காய்ந்த புல்லுக்கு வந்ததும் கேமராவைக் கீழே இறக்கினார்.

“இது மட்டும் எப்படிப் போச்சு?”

பவுனம்மாள் துணிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தார். “அது நான்தான்யா. லாலாங். மருந்து தொடச்சேன். வேரோட போயிருச்சு, இனிமே வராது.” குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

ஆச்சிக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. “நீயா? எம் மகன் ஆசப்பட்டுச் சொன்ன புல்ல நீயா கொன்ன?”

“புல்லு இல்ல ஆச்சி, லாலாங்கு.”

“வெளிநாட்டுப் புல்லு அது. ஒனக்கு என்ன தெரியும்? எதுல மருந்து வச்சிருந்த?”

பவுனம்மாள் அறைக்குள் போய்ப் போத்தலை எடுத்து வந்து காட்டினார். ஒளிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. கிச்சாப் போத்தலைப் பார்த்ததும் ஆச்சியின் முகம் மாறியது.

“வெசம். குசினிக்குப் பக்கத்துல. கிச்சாப் போத்தல்ல.” ஆச்சி கதவைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பயத்தில் தப்பில்லை. யார் வீட்டிலும் யாரும் பயப்படுவார்கள்.

“அது தப்புதான் ஆச்சி. தூக்கிப் போட்டுர்றேன். ஆனா புல்லு லாலாங்கு. பொய் சொல்லல. நட்ட தம்பியக் கேளுங்க.”

“ஆத்தா, விடுங்க, புல்லுதானே” என்றார் நாச்சியப்பன். பிறகு என் பக்கம் திரும்பினார். மரியாதையாகத்தான் கேட்டார். “நீங்கதான நட்டீங்க. சொல்லுங்க. அது லாலாங்கா?”

ஆச்சி என்னைப் பார்த்தார். படிச்ச பிள்ளையைப் பார்க்கிற மாதிரி.

“இல்லண்ணே. வெளிநாட்டுப் புல்லுதான்” என்றேன்.

கையுறையை நான்தான் கொடுத்தேன் என்று பவுனம்மாள் அப்போது சொல்லியிருக்கலாம். லோரியில் வந்திருக்கும் என்று நான் ஒத்துக்கொண்டதைச் சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம் போதும். அவர் வாயைத் திறந்தார். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறுகன்னத்துக்கு மாற்றிக்கொண்டார். சொல்லவில்லை. அவர் ஏன் சொல்லவில்லை என்ற இடம்தான் எனக்கு எழுத வராத இடம். கருணை என்று போட்டால் எனக்கு வசதி. வெறுப்பு என்று போட்டால் அதுவும் வசதி. சொன்னால் தன்னை நம்புவார்களா, என்னை நம்புவார்களா என்று அவர் கணக்குப் போட்டிருக்கலாம். அந்தக் கணக்கு சரியாகத்தான் வந்திருக்கும்.

“தெரியாம செஞ்சேன்னு சொல்லியிருந்தா விட்டுருப்பேன்” என்றார் ஆச்சி. “முகத்துக்கு நேரா நின்னு பொய் சொல்றவள வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு நான் எப்படித் தூங்குறது? நீ ஒன் சாமானை எடுத்துக்க, பவுனு.”

பவுனம்மாள் உடனே நகரவில்லை. “இன்னிக்கேவா ஆச்சி?” என்றார். அந்தப் பேச்சில் அவர் கெஞ்சியது அந்த ஒரு சொல்லில் மட்டும்தான்.

“இன்னிக்கே.”

7

முடிவுகள்.

அ) நான் “லாலாங்தான்ண்ணே, ரயில் பாதையில தோண்டினேன்” என்கிறேன். ஆச்சி என்னைத் திட்டுகிறார். போத்தலைத் தூக்கி எறியச் சொல்கிறார். பவுனம்மாள் அறையில் இருக்கிறார். எனக்கு நஷ்டம், ஆச்சி இனிமேல் என்னைக் கூப்பிட மாட்டார். அவ்வளவுதான். இந்த முடிவை எழுதிப் பார்த்தபோதுதான் எவ்வளவு மலிவாக முடிந்திருக்கும் என்று தெரிந்தது. நான்கு சொல்.

ஆ) சில மாதம் கழித்து நான் பண்டமாரான் போகிறேன். மகள் வீட்டைக் கண்டுபிடிக்கிறேன். பவுனம்மாள் கதவைத் திறந்து, “வா தம்பி, பாதிப் படிப்பு” என்கிறார். தேத்தண்ணி கொடுக்கிறார். நான் சொல்கிறேன். அவர்...
(அடித்தேன். நான் போகவில்லை. கிள்ளானிலிருந்து பண்டமாரானுக்கு பஸ்ஸில் அரை மணி நேரம். அவர் மகள் வீட்டில்தான் இருக்கிறாரா என்பதே எனக்குத் தெரியாது.)

இ) தோட்டம் சாகிறது, நான் தண்டிக்கப்படுகிறேன்.
(இதுவும் நடக்கவில்லை. வெட்டிவேர் இடுப்பளவு நிற்கிறது. பத்துமணிப் பூ கல் தெரியாமல் படர்ந்திருக்கிறது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். லாலாங் ஒரு முளைகூடத் திரும்ப வரவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை.)

இதற்கு மேல் என்னிடம் முடிவு இல்லை. உங்களிடம் ஏதாவது இருந்தால் இப்போது எழுதுங்கள். உங்களுக்கு இருக்கிற நேரம் எவ்வளவு என்று சொல்கிறேன்.

பவுனம்மாள் ஒரு பையோடும் சுருட்டிய பாயோடும் அறையிலிருந்து வருகிறார். செருப்பைத் தேடுகிறார். நாச்சியப்பன் ஒரு பண நோட்டை நீட்டுகிறார்; பவுனம்மாள் “வேணாம்யா, சம்பளம் வந்துருச்சு” என்கிறார். வாசல்படி இறங்குகிறார். சரளைக்கல்லில் கால் புதையப் புதைய நடக்கிறார். பாயைத் தோளில் மாற்றிக்கொள்ள ஒரு முறை நிற்கிறார். திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டை அவரே திறந்துகொண்டு வெளியே போகிறார். பஸ் நிற்கிற பக்கம் திரும்பும் வரை முப்பது அடி இருக்கும். நான் வாசலில்தான் நிற்கிறேன். வாய் சும்மாதான் இருக்கிறது. என்ன சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள்.

“தம்பி” என்றார் ஆச்சி. பூட்டையும் சாவியையும் என்னிடம் நீட்டினார். “நீ போய்ப் பூட்டுப்பா.”

நான் நடந்துபோய்க் கேட்டை இழுத்துச் சாத்தினேன். பூட்டை மாட்டி அழுத்தினேன். மாட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன்.